பழைய டேபிள் ஸா வாங்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி இதுதான்: 10 அங்குல பிளேடு போடும் டேபிள் ஸா (மேசையின் நடுவில் வட்ட பிளேடு நிற்கும் மரம் வெட்டும் மெஷின்) ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. பெல்ட்டில் ஓடுவது, வார்ப்பிரும்பு மேசை, மேலே துரு. ‘மோட்டார் நல்லா ஓடுது’ என்கிறார் விற்பவர். நேரில் போய் எதைச் சோதிக்க வேண்டும், வாங்கலாமா?

மோட்டார் ஓடுகிறது என்பதற்கு நான் பெரிய மதிப்பு தரமாட்டேன். பெல்ட்டில் ஓடும் ஸாவில் சில போல்ட்டுகளைக் கழற்றினால் மோட்டார் கையோடு வந்துவிடும். ரீவைண்டிங் செய்யலாம், வேறு மோட்டாரே மாட்டலாம். மெஷினைப் பார்க்கப் போகும்போது மனதில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணமோ உழைப்போ போட்டால் சரியாகிவிடுபவை ஒன்று: துரு, பெல்ட், பேரிங், சுவிட்ச், கெப்பாசிட்டர். இவையெல்லாம் விலையைக் குறைத்துப் பேச உதவும். என்ன செய்தாலும் சரியாகாதவை இன்னொன்று: விரிசல் விட்ட வார்ப்பு, வளைந்த ஷாஃப்ட் (பிளேடு மாட்டிச் சுற்றும் தண்டு), இனிமேல் கிடைக்காத பாகங்கள். இதில் ஒன்று இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். பெரும்பாலானோர் முதல் கணக்கைப் பார்த்துப் பயந்து நல்ல மெஷினை விடுகிறார்கள், இரண்டாவதைப் பார்க்காமலே மோசமான மெஷினை வாங்கிவிடுகிறார்கள்.

போவதற்கு முன் போனிலேயே பாதி வேலையை முடிக்கலாம். நேம் பிளேட்டின் போட்டோவைக் கேளுங்கள். மாடல் எண் கிடைத்தால் உதிரி பாகம் இன்னும் வருகிறதா என்று தேடிப் பார்க்கலாம். சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடும் மேல் கவரும் இருக்கின்றனவா, இதுவரை என்ன வெட்டினார்கள் என்று கேளுங்கள். மரம், பிளைவுட் என்றால் சரி. சிமெண்ட் போர்டு வெட்டிய ஸா என்றால் எச்சரிக்கை: அந்தத் தூள் பேரிங்குக்கும் கியருக்கும் உப்புத்தாள் மாதிரி. அப்புறம் ஒன்று, நீங்கள் போகும்வரை மெஷினை ஓட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த மோட்டார் எப்படி எடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கையில் ஒரு நல்ல டார்ச், ஸ்டீல் ஸ்கேல் நகரும் வகை மூலைமட்டம், நேரான இரும்புப் பட்டை, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மார்க்கர் பேனா, ஓரம் நேராக இழைத்த ஒரு பலகை. கூர்மையான பிளேடு சொந்தமாக இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவுக்கருவி) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மேசை மேல் இருக்கும் துருவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் கண்ணில் படும். காபி நிறத்தில் படிந்திருக்கும் மேல்துரு எண்ணெயும் தேய்ப்புத் துணியும் போட்டால் ஒரு மதிய நேரத்தில் போய்விடும், மேலே வேக்ஸ் தேய்த்தால் மரம் வழுக்கிக்கொண்டு போகும். குழி விழுந்திருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர வெட்டு கெடாது. என்னை உஷாராக்குவது துரு இல்லை, புது பெயிண்ட். விற்பதற்கு முன் வார்ப்பின் மேல் பெயிண்ட் அடித்திருந்தால் அடியில் எதையோ மறைத்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டே பாருங்கள்.

சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குனியுங்கள். மேசைக்கு அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு வார்ப்புகள் அரைவட்டத் தடத்தோடு இருக்கும். ட்ரனியன் என்று பெயர். பிளேடு, ஷாஃப்ட், மோட்டார் எல்லாவற்றின் எடையும் இதில்தான் தொங்குகிறது, பிளேடைச் சாய்த்தால் எல்லாம் சேர்ந்து இந்தத் தடத்தில்தான் நகர்கிறது. வார்ப்பிரும்பு எடையைத் தாங்கும், அடியைத் தாங்காது. லாரியில் ஏற்றும்போது ஒருமுறை சாய்ந்து விழுந்திருந்தால் போதும். போல்ட் துளைகளைச் சுற்றியும், தடிமன் சட்டென்று குறையும் இடங்களிலும் விரிசல் வரும். மரத்தூளைத் துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். விரிசல் முடி போலக் கருப்பாகத் தெரியும். வெல்டிங் செய்த தடமோ, எப்பாக்சி பூசிய இடமோ இருந்தால் நான் வாங்கமாட்டேன். வார்ப்பிரும்பைப் பற்றவைக்க முடியாது என்றில்லை, ஆனால் பற்றவைத்தபின் அளவு பழைய இடத்திலேயே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மேசை, மேசையின் இரு பக்கமும் நீளும் சிறகுகள், மோட்டார் தாங்கி ஆகியவற்றையும் இதேபோலப் பார்த்துவிடுங்கள். சிறகில் விரிசல் இருந்தால் அது முதல் கணக்கு, மரப்பலகையிலேயே புதுச் சிறகு செய்துவிடலாம்.

அடுத்தது ஷாஃப்ட். பெல்ட்டைக் கழற்றிவிட்டு பிளேடைக் கையால் சுற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் சுற்றி, மெதுவாக நிற்க வேண்டும். மணல் அரைபடுவது போல உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. பிளேடின் ஓரத்தைப் பிடித்து இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் அசைத்துப் பாருங்கள், கையில் ஆட்டம் தெரியக் கூடாது. பேரிங் போனது பெரிய விஷயமில்லை. 6203, 6204 மாதிரியான பொது எண் என்றால் எங்கும் கிடைக்கும், கழற்றி மாட்டும் வேலைதான் செலவு. ஆனால் பேரிங் செத்த நிலையிலேயே நெடுநாள் ஓட்டியிருந்தால் அது உட்காரும் இடத்தில் ஷாஃப்டும் தேய்ந்திருக்கும். அப்படியானால் கணக்கு மாறிவிடும்.

ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்பதற்கு டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதானால், பிளேடைக் கழற்றி, பிளேடு அணைந்து உட்காரும் ஃபிளேஞ்ச் என்ற வட்ட விளிம்பின் முகத்தில் முள்ளை வைத்துக் கையால் சுற்றுங்கள். 0.02, 0.03 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று தோன்றும். ஃபிளேஞ்சின் ஆரம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான், 10 அங்குல பிளேடின் ஆரம் 12.7 சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் கோணல் வெளி ஓரத்தில் ஐந்து மடங்குக்கு மேல் பெரிதாகிவிடும். 0.02 என்பது பல் நுனியில் 0.1 ஆகிவிடுகிறது, வெட்டும் அவ்வளவு அகலமாகிறது.

டயல் கேஜ் இல்லாவிட்டால், மேசையில் ஒரு மரக்கட்டையைக் கிளாம்ப் போட்டு பிளேடின் உடம்பை லேசாகத் தொடும் அளவுக்கு நிறுத்துங்கள். பிளேடைச் சுற்றினால் ஓரிடத்தில் உரசும், ஓரிடத்தில் இடைவெளி விழும். இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துகொள்ளலாம். குற்றம் பிளேடிலா ஷாஃப்டிலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதிகமாக உரசும் இடத்தில் பிளேடிலும் ஷாஃப்ட் முனையிலும் மார்க்கரால் ஒரே நேரில் கோடு போடுங்கள். நட்டைத் தளர்த்தி, பிளேடை மட்டும் அரைச்சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றுங்கள். உரசல் பிளேடுக் கோட்டோடு போனால் பிளேடு கோணல், தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். ஷாஃப்ட் கோட்டோடு நின்றால் கோணல் ஷாஃப்டில். ஆனால் உடனே முடிவு செய்யாதீர்கள், ஃபிளேஞ்சுக்கும் பிளேடுக்கும் நடுவில் காய்ந்த பிசினோ தூளோ மாட்டியிருந்தாலும் இதே மாதிரிதான் காட்டும். துடைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். ஷாஃப்டின் மரை தேயாமல், நட்டு கையாலேயே கடைசிவரை ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஷாஃப்டின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்: வட அமெரிக்க மெஷின்களில் 10 அங்குல பிளேடுக்கு 15.88 மில்லிமீட்டர், ஐரோப்பிய மெஷின்களில் 30 மில்லிமீட்டர், 25.4 அளவும் உண்டு. பிளேடின் துளை பெரிதாக இருந்தால் புஷ் என்ற உள்வளையம் போட்டுக்கொள்ளலாம், சிறிதாக இருந்தால் சிக்கல். உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் பிளேடு எந்தத் துளையில் வருகிறது என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைச்சக்கரங்கள் இரண்டையும் கடைசிவரை சுற்றுங்கள். பிளேடு முழுசாக ஏறி இறங்க வேண்டும், 45 டிகிரிவரை சாய்ந்து திரும்ப வேண்டும். இறுகலாக இருந்தால் பெரும்பாலும் கிரீஸும் மரத்தூளும் கலந்து கல் மாதிரி கெட்டிப்பட்டிருக்கும், சுரண்டி எடுத்தால் போயிற்று. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தடுக்கினால், அல்லது சக்கரம் கால் சுற்றுக்கு மேல் சும்மா ஆடினால், கியரின் பற்களை டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியம், துத்தநாக வார்ப்பில் செய்த கியரில் பல் உடைந்திருந்தால் அந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதை வைத்துத்தான் எதுவும் சொல்ல முடியும்.

இப்போது மேசை. இரும்புப் பட்டையை நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்துப் பாருங்கள். பிளேடைச் சுற்றியுள்ள பகுதி சமமாக இருந்தால் போதும். நடு மேசையில் 0.2 மில்லிமீட்டர்வரை பள்ளம் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. சிறகுகள் ஏறி இறங்கி இருந்தால் நடுவில் தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

மேசையில் மைட்டர் கேஜ் (பலகையைக் கோணம் வைத்துக் குறுக்கே வெட்டத் தள்ளும் துணைக்கருவி) ஓடும் பள்ளமும் பிளேடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பிளேடில் ஒரு பல்லுக்கு மார்க்கரால் அடையாளம் போட்டு அதை முன்னால் கொண்டுவாருங்கள். மூலைமட்டத்தின் தலையைப் பள்ளத்தின் ஓரத்தில் அணைத்து, ஸ்கேலை அந்தப் பல்லைத் தொடும்வரை நகர்த்தி இறுக்குங்கள். அதே பல்லைப் பின்னால் சுற்றி, மூலைமட்டத்தையும் பின்னால் தள்ளிப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் நல்லது. அதிகமிருந்தால் சரிசெய்யலாம், ஆனால் எந்த வகை மெஷின் என்பதைப் பொறுத்து உழைப்பு மாறும். கேபினெட் ஸாவில் ட்ரனியன் கீழே பெட்டியோடு பிணைந்திருப்பதால் மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையையே லேசாகத் தட்டி நகர்த்தினால் முடிந்தது. மோட்டார் பின்னால் வெளியே தொங்கும் காண்ட்ராக்டர் ஸாவில் ட்ரனியன் மேசையின் அடியிலேயே பிணைந்திருக்கும், பின்பக்கப் போல்ட்டை எட்டுவதற்குள் பொறுமை போய்விடும். அந்த வகையில் பிளேடை 45 டிகிரி சாய்த்தும் ஒருமுறை அளந்து பாருங்கள். தொங்கும் மோட்டாரின் எடை முழு அமைப்பையும் முறுக்கிவிடுவது அவற்றில் சகஜம்.

பலகையை அணைத்துத் தள்ள மேசை மேல் நிற்கும் நேர்ப்பட்டைதான் ஃபென்ஸ். அதை இறுக்கிவிட்டு, அதன் பின் முனையை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். வளைந்து கொடுத்தாலோ நகர்ந்தாலோ அந்த ஃபென்ஸ் உங்களை நாள்தோறும் படுத்தும். பல தடவை திறந்து இறுக்கி, ஒவ்வொரு தடவையும் பள்ளத்துக்கு இணையாகவே நிற்கிறதா என்று பாருங்கள். பின் முனை ஒரு நூலிழை வெளியே விலகியிருந்தால் பரவாயில்லை, பிளேடு பக்கம் சாய்ந்திருந்தால் ஆபத்து. கனமான முன் தண்டவாளத்தில் ‘டி’ வடிவத்தில் இறுகும் பீசமேயர் வகை ஃபென்ஸ் மெஷினோடு வந்தால் அதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். மோசமான ஃபென்ஸை மாற்ற முடியும், ஆனால் சில சமயம் புது ஃபென்ஸின் விலை பழைய ஸாவின் விலையையே தாண்டிவிடும். அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இனி நான் விட்டுக்கொடுக்காத விஷயத்துக்கு வருகிறேன். பிளேடுக்குப் பின்னால், பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கிச் சாயும் தகடுதான் ரைவிங் நைஃப். மரத்தை நீளவாக்கில் கிழிக்கும்போது உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்ந்து வெட்டின் இரு பக்கமும் நெருங்கலாம். அல்லது பலகை லேசாகத் திரும்பி ஃபென்ஸை விட்டு விலகலாம். அப்போது பின்னால் மேலெழுந்து வரும் பற்கள் பலகையைக் கவ்வித் தூக்கி உங்கள் பக்கமே எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது பல் நுனியின் வேகம் நொடிக்கு சுமார் 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். பலகை வயிற்றில் அடிப்பது ஒரு பக்கம், பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடு மேல் இழுபடுவது இன்னொரு பக்கம். அந்தத் தகடு வெட்டுக்குள் நின்று, மரம் பின் பற்களைத் தொடாமல் தடுக்கிறது.

வட அமெரிக்கச் சந்தைக்கான ஸாக்களில் இது பரவலாக வரத் தொடங்கியது 2008-09 வாக்கில்தான். ஐரோப்பிய மெஷின்களில் அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. அதற்கு முந்தைய அமெரிக்க வகைகளில் பிளேடோடு ஏறி இறங்காத ஸ்ப்ளிட்டர் என்ற தகடு இருக்கும். முழுசாக வெட்டாமல் பள்ளம் மட்டும் போடும்போது அதைக் கழற்ற வேண்டியிருக்கும், கழற்றியவர்கள் திரும்ப மாட்டுவதில்லை. அதனால்தான் பழைய மெஷின்களில் பெரும்பாலும் அது காணாமல் போயிருக்கும். ரைவிங் நைஃபுக்கான தாங்கி ஷாஃப்ட் அமைப்போடு பிணைந்து வருவது, இல்லாத மெஷினில் பின்னால் சேர்ப்பது லேசான காரியமில்லை. பிளேடைச் சுற்றி மேசையில் உட்காரும் இன்சர்ட் தகட்டை மரத்தில் செய்து, அதிலேயே சிறு ஸ்ப்ளிட்டரை நிறுத்தலாம். ஒன்றுமில்லாததற்கு அது மேல், அவ்வளவுதான்.

என் கருத்து இது: இது உங்கள் முதல் டேபிள் ஸா என்றால், ரைவிங் நைஃபும் இல்லை, ஸ்ப்ளிட்டரும் இல்லை, தேடினாலும் கிடைக்காது என்றிருக்கும் மெஷினை எவ்வளவு மலிவாக வந்தாலும் விடுங்கள். தகடு இருக்கிறது என்றால் அதன் தடிமனையும் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். பிளேடின் உடம்பைவிடத் தடித்தும், பற்கள் வெட்டும் அகலத்தைவிட மெலிந்தும் இருக்க வேண்டும். விற்பவர் போட்டிருக்கும் மெல்லிய பிளேடுக்கு அந்தத் தகடு பொருந்தாமல் போனால் பலகை பாதியில் மாட்டிக்கொள்ளும், கோபத்தில் அவரே தகட்டைக் கழற்றி எறிந்திருப்பார்.

விரல் பட்டதும் நிற்கும் வகையான ஸாஸ்டாப், 2004 முதல் சந்தையில் இருக்கிறது. அது செகண்ட் ஹேண்டில் வந்தால், பிரேக் கார்ட்ரிட்ஜ் உள்ளே இருக்கிறதா, மெஷின் பச்சை விளக்கு காட்டுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை வேலை செய்துவிட்டால் கார்ட்ரிட்ஜும் பெரும்பாலும் பிளேடும் போய்விடும், மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே ‘ஒருமுறை பிரேக் அடித்திருக்கிறது’ என்பது வாங்காமல் இருக்கக் காரணம் இல்லை.

மோட்டாருக்கு வருவோம். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் குதிரைத்திறனை நம்பாதீர்கள், நேம் பிளேட்டில் ஆம்பியரைப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் என்று பொறித்துவிட்டு மேலே ‘3 எச்பி’ என்று ஒட்டியிருந்தால், உண்மையில் ஒன்றரையை ஒட்டித்தான் வரும். ஸ்விட்சைப் போட்டதும் முனகிக்கொண்டே சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். ஸ்டார்ட் கெப்பாசிட்டரோ, உள்ளே தூள் அடைத்த சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்சோதான் பொதுவாகக் காரணம், இரண்டும் சின்ன வேலை. கருகிய வார்னிஷ் நாற்றம் வந்தால் ரீவைண்டிங் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த மெஷின் என்றால் வோல்ட்டேஜோடு ஹெர்ட்ஸையும் பாருங்கள்: 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50-ல் ஓடினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும்.

த்ரீ ஃபேஸ் என்று சொன்னதும் பலர் விலகிவிடுவார்கள், அதனாலேயே நல்ல தொழிற்சாலை மெஷின்கள் மலிவாகக் கிடைக்கும். மோட்டாரை 230 வோல்ட் டெல்டா இணைப்பில் போட முடியுமானால், சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் தரும் விஎஃப்டி ஒன்றை வைத்து வீட்டிலேயே ஓட்டலாம். எலக்ட்ரீஷியனிடம் நேம் பிளேட் போட்டோவைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். மேசையில் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பார்ப்பார்கள், நின்றால் அதிர்வு குறைவு. விழுந்தாலும் மனம் தளர வேண்டாம், நெடுநாள் சும்மா கிடந்த பெல்ட் வளைந்த வடிவத்திலேயே இறுகிப்போய்க் குதிக்கும், புது பெல்ட் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அணைத்தபின் பிளேடு நின்று முடிக்கும்வரை காது கொடுங்கள். மோட்டார் சத்தம் போனபின் கேட்கும் கரகரப்பு பேரிங்கினுடையது. ஓடும்போதே சுவரில் மின்சாரத்தை அணைத்துவிட்டு, பிளேடு நின்றதும் மறுபடி போட்டுப் பாருங்கள். தானாக ஓடத் தொடங்கினால் ஸ்டார்ட்டரை மாற்றிய பிறகுதான் வேலை செய்ய வேண்டும். எர்த் இணைப்பும் வயரின் மேலுறையும் சரியாக இருக்க வேண்டும், காய்ந்து வெடித்த வயர் என்றால் மாற்றுங்கள்.

கடைசியாகக் கொண்டுபோன பலகையை வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய முகத்தில் வளைவான கீறல்கள் இருந்தால் பின் பற்களும் மரத்தைத் தொடுகின்றன, பிளேடோ ஃபென்ஸோ இணையாக இல்லை என்று பொருள். கருகிய தடம் மட்டும் என்றால் பிளேடு மழுங்கியிருக்கலாம், உங்கள் பிளேடைப் போட்டு இன்னொரு முறை பாருங்கள்.

தூக்கிக்கொண்டு போகும் சின்ன ஜாப்சைட் ஸாக்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், பெரும்பாலும் அலுமினிய மேசை, தேய்ந்தால் திரும்ப உயிர் கொடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டதல்ல. புதிதின் விலையில் பாதிக்கு மேல் சொன்னால் புதிதையே வாங்குவது மேல். ஃபென்ஸ் இரண்டு முனையிலும் ஒன்றாக நகரும் ரேக் அண்ட் பினியன் வகை, ரைவிங் நைஃபும் கவரும் முழுசாக இருப்பது, அதிகம் உழைக்காதது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

நீங்கள் விவரித்த மெஷினைப் பொறுத்தவரை, வார்ப்பு முழுசாக, ஷாஃப்ட் நேராக, பின் தகடு கையோடு இருந்தால், துருவைக் காட்டி விலையைக் குறைத்து வாங்குங்கள். விலை பேசும்போது பெல்ட், பேரிங் இரண்டையும் எப்படியும் மாற்றப்போகிறோம் என்றே கணக்கு வையுங்கள். எடுத்துவருவதையும் யோசித்துவிட்டுப் போங்கள்: காண்ட்ராக்டர் ஸா நூறு கிலோவுக்குமேல் வரும், பெரிய கேபினெட் ஸாக்கள் 200 கிலோவைத் தாண்டும். பிரிப்பதற்கு முன் வயர் இணைப்புகளை போட்டோ எடுத்துவிட்டு, ஃபென்ஸ், தண்டவாளம், சிறகுகளைக் கழற்றுங்கள். பின்னால் தொங்கும் மோட்டாரைக் கட்டாயம் தனியாக எடுத்துவிடுங்கள், பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அந்த எடைதான் ட்ரனியனை உடைக்கும். பிளேடை முழுசாக இறக்கி, மெஷினின் உடம்பைப் பிடித்துத் தூக்குங்கள், கைச்சக்கரத்தையோ தண்டவாளத்தையோ பிடித்துத் தூக்கக் கூடாது. ஆள் போதாது என்றால் பிளைவுட் மேல் மேசை கீழே இருக்கும்படி தலைகீழாகக் கவிழ்த்தும் கொண்டுவரலாம். வீட்டில் பூட்டி முடித்ததும் பள்ளத்துக்கும் பிளேடுக்குமான அந்த அளவை மறுபடி எடுத்துவிட்டே பிளக்கைச் செருகுங்கள்.